ஜூரிக்குப் போகிறவரின் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் யார் காசு கொடுப்பது?

மாலதி, ஸ்காபரோ

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குற்றவியல் வழக்கில் ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் பன்னிரண்டு பேரில் ஒருவராக, உட்காருபவருக்கு முதல் பத்து நாளும் ஒரு சதம் கிடையாது. பதினோராம் நாளிலிருந்து 49ஆம் நாள் வரை நாளுக்கு 40 டாலர், 50ஆம் நாளிலிருந்து 100 டாலர். மத்தியானச் சாப்பாடு உங்கள் செலவு, பார்க்கிங் உங்கள் செலவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அதுவும் உங்கள் செலவு. நீதிமன்றம் இருக்கும் நகரத்துக்கு வெளியே வசித்தால் பயணப்படி உண்டு. சாப்பாடும் ஹோட்டலும் அரசு தருவது கடைசிக் கட்டத்தில் மட்டும்தான். சாட்சியம் முடிந்து, நீதிபதி சட்டத்தை விளக்கி, "போய் முடிவு எடுங்கள்" என்று பன்னிரண்டு பேரையும் அறைக்குள் அனுப்பிய பிறகு.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஒரு பிள்ளைக்கு இப்போது அழைப்பாணை வந்திருக்கிறது. அவளுக்கு மணிக்கணக்குச் சம்பளம். குறைந்தபட்ச ஊதியம் 17.60 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 140 டாலர் 80 சதம். பத்து நாளில் 1,408 டாலர் போய்விடும். அதற்கு மேல் சாப்பாடும் பஸ் காசும் அவள் கையிலிருந்து. முதலாளி வேலையை விட்டு நிறுத்த முடியாது, அதைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லை.

முதல் நாளிலிருந்தே சாப்பாடு, பயணம், குறைந்தபட்ச ஊதிய அளவுக்கு ஒரு தினப்படி, இவை மூன்றையும் மாகாணம் கொடுக்க வேண்டும் என்று எங்கள் தொகுதி மாகாண உறுப்பினருக்குக் கடிதம் எழுத நினைக்கிறேன். 2018இல் நாடாளுமன்ற நீதிக் குழுவே ஜூரருக்கு நாளுக்குக் குறைந்தது 120 டாலர் கொடுக்கச் சொன்னது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எதிர்ப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.

பாலா, மிசிசாகா

எதிர்க்கிறேன் மாலதி. காரணத்தையும் சொல்கிறேன்.

மதியச் சாப்பாடு என்பது வேலைக்குப் போனாலும் சாப்பிடுவது, வீட்டில் இருந்தாலும் சாப்பிடுவது. நீதிமன்றத்துக்குப் போனதால் புதிதாக வந்த செலவு இல்லை. டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு போகலாம். ஊர் விட்டு ஊர் போய்த் தங்க வேண்டியவருக்குக் கொடுப்பது வேறு, தினமும் வீட்டில் தூங்கி எழுந்து போகிறவருக்குக் கொடுப்பது வேறு.

இரண்டாவது, இது குடிமகன் செய்ய வேண்டிய கடமை. வாக்களிக்கப் போகும்போது யாரும் படி கேட்பதில்லை. ஐந்து வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை வரக்கூடிய குற்றத்துக்கு ஜூரி விசாரணை கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று நம் உரிமைச் சாசனம் சொல்கிறது. அந்த உரிமை நாளைக்கு என் மகனுக்குத் தேவைப்படலாம். அதற்காக நான் வாழ்க்கையில் ஒரு முறை இரண்டு வாரம் கொடுக்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நீதித்துறைக்குப் புதிதாக ஒரு டாலர் கிடைத்தால் அது எங்கே போக வேண்டும்? 2019 பட்ஜெட்டில் ஒன்டாரியோ அரசு சட்ட உதவி நிதியில் சுமார் 30 சதவீதத்தை வெட்டியது. 133 மில்லியன் டாலர். வக்கீல் வைக்க வசதி இல்லாமல் கூண்டில் நிற்பவரை விட்டுவிட்டு, ஜூரியின் சாண்ட்விச்சுக்குச் செலவு செய்வது சரியான வரிசை இல்லை.

நெடுந்தீவான்

பாலா அண்ணா, டிபன் பாக்ஸ் கட்டலாம், சரி. டாக்ஸியின் இன்சூரன்ஸை யார் கட்டுவது? நான் ஓட்டாத நாளிலும் லீஸ் காசு ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு முதலாளி இல்லை, யூனியன் இல்லை. நீங்கள் வாக்களிப்பதோடு ஒப்பிடுகிறீர்கள். வாக்களிக்க அரை மணி நேரம் போகும். கொலை வழக்கு மாதக்கணக்கில் போகும்.

நடப்பதைச் சொல்கிறேன். தேர்வு நாளில் பெரிய கூட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். பொருளாதாரக் கஷ்டம் என்றால் நீதிபதி விலக்குக் கொடுக்கலாம், குற்றவியல் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. பெரும்பாலான நீதிபதிகள் இரக்கத்தோடுதான் கேட்பார்கள். டாக்ஸிக்காரன் போய்விடுவான், சமையல்காரன் போய்விடுவான், துப்புரவு வேலை செய்யும் அம்மா போய்விடுவார். மிஞ்சுவது யார்? சம்பளத்தோடு விடுப்புக் கிடைக்கும் அரசு ஊழியர், பெரிய நிறுவனத்து ஆட்கள், ஓய்வூதியம் வாங்குபவர். அவர்கள் நல்ல மனிதர்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பொலிஸ் வந்து கேள்வி கேட்டால் எப்படி இருக்கும் என்று அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? விலக்குக் கொடுத்ததை நீங்கள் கருணை என்று பார்க்கிறீர்கள். எங்களை அந்த அறைக்குள் விடாத கதவு அது.

சுதா, மார்க்கம்

நான் ஜூரியில் இருந்திருக்கிறேன். எந்த வழக்கு, எந்த நீதிமன்றம் என்று சொல்ல மாட்டேன். அறைக்குள் நாங்கள் பேசியதைச் சொல்வது குற்றம், அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். (2022இல் சட்டத்தைத் திருத்தி மனநல சிகிச்சை தருபவரிடம் மட்டும் பேசலாம் என்று ஆக்கினார்கள். அதற்கு முன் அதுகூடக் கிடையாது. கொலைப் படங்களைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் தன் வைத்தியரிடமும் முழுவதையும் சொல்ல முடியாது.) சாப்பாட்டைப் பற்றி நான் தாராளமாகச் சொல்லலாம்.

விசாரணை நடக்கும் வாரங்களில் மத்தியானம் இடைவேளை விடுவார்கள். நாங்கள் வெளியே போய் வாங்கிச் சாப்பிட வேண்டும். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் எத்தனை சாப்பாட்டுக் கடை இருக்கும்? இரண்டு, மூன்று. அதே கடையில்தான் இறந்தவரின் தாயும் சாப்பிடுகிறார். குற்றம் சாட்டப்பட்டவரின் தம்பியும் வரிசையில் நிற்கிறார். பொலிஸ் சாட்சி கோப்பி வாங்குகிறார். வக்கீல்கள் பக்கத்து மேசையில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு மூலைக்குப் போவேன். ஒரு நாள் அந்தத் தாய் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். நன்றி சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன். அன்று முழுவதும் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

பாலா அண்ணா, சாண்ட்விச்சுக்குக் காசு கொடுப்பது ஜூரருக்குச் செய்யும் உபகாரம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சாப்பாட்டை ஜூரி அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தால் அது விசாரணைக்குச் செய்யும் பாதுகாப்பு. யாரோ ஒருவர் வரிசையில் நின்றபடி ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு குழம்பும். பல வார விசாரணை வீணாகும். அந்தச் செலவோடு பன்னிரண்டு சாப்பாட்டுப் பொதியின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹோட்டல் பற்றியும் கேட்பீர்கள். கடைசிக் கட்டத்தில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தொலைபேசியை வாங்கிவிட்டார்கள், அறையில் டிவி இல்லை, வாசலில் நீதிமன்றக் காவலர். மரக்கறியா, ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள், சாப்பாடு ஒழுங்காக வந்தது. குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. என் கஷ்டம் வீட்டில் இருந்தது. எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. சின்னப் பிள்ளைகள். கணவருக்கு இரவு வேலை. என் தங்கை வேலைக்கு விடுப்புப் போட்டு வந்து நின்றாள். தங்கை இல்லாத தாய் என்ன செய்வாள்?

பரமு (ஓய்வுபெற்ற வழக்கறிஞர்)

சுதா சொன்னது பெறுமதியான அனுபவம். சட்டத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கிறேன்.

ஜூரிக்குச் சாப்பாடு போடுவது பழைய வழக்கம் இல்லை. பட்டினி போடுவதுதான் பழைய வழக்கம். ஒருமித்த முடிவு வரும் வரை உணவு, நீர், நெருப்பு எதுவும் கொடுக்காமல் அடைத்து வைப்பது இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தின் முறை. 1670இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவரைத் தெருவில் கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்ததற்காக விசாரித்தார்கள். ஜூரி குற்றவாளி என்று சொல்ல மறுத்தது. நீதிபதிகள் அவர்களை உணவும் தண்ணீரும் நெருப்பும் இல்லாமல் இரண்டு இரவு பூட்டி வைத்தார்கள். சிறுநீர் கழிக்க ஒரு பாத்திரம் கேட்டார்கள், அதுவும் கொடுக்கப்படவில்லை. அப்போதும் அவர்கள் மசியவில்லை. ஆளுக்கு 40 மார்க் அபராதம், கட்ட மறுத்தவர்களுக்குச் சிறை. எட்வர்ட் புஷெல் என்ற ஜூரர் அதை எதிர்த்து வழக்காடி, தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வோன் சொல்லும்படி செய்தார். ஓல்ட் பெய்லியில் அதற்கு இன்றைக்கும் ஒரு நினைவுக் கல் இருக்கிறது.

அதன் பிறகும் இருநூறு ஆண்டு போயிற்று. 1870இல்தான் இங்கிலாந்தில் ஜூரிக்கு நெருப்பும் சிற்றுண்டியும் அனுமதிக்கப்பட்டன, அதுவும் அவர்கள் சொந்தச் செலவில். ஆகவே நம் கனடாக் குற்றவியல் சட்டத்தின் 647ஆம் பிரிவை நான் சாதாரணமாக எடுப்பதில்லை. ஜூரிக்குத் தீர்ப்புச் சொல்லும் வரை தகுந்த, போதுமான சிற்றுண்டி, உணவு, தங்குமிடம் கொடுக்க நீதிபதி உத்தரவிட வேண்டும் என்று அது சொல்கிறது. பசி வைத்து முடிவு வாங்கக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது.

ஆனால் தங்கல் விஷயத்தில் நான் மாலதியோடு முழுவதும் உடன்படவில்லை. இங்கிலாந்து 1994இல் சட்டத்தை மாற்றி, முடிவெடுக்கும் கட்டத்திலும் ஜூரியை இரவில் வீட்டுக்கு அனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்தது. நாம் இன்னும் ஹோட்டலில் அடைக்கிறோம். ஹோட்டலில் வைத்தால் தூய்மையாக இருப்பார்கள் என்பதும் நிச்சயம் இல்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இரட்டைக் கொலை வழக்கு. ஜூரியில் நான்கு பேர் இரவில் ஹோட்டல் அறையில் எழுத்துகளை வைத்து, கண்ணாடிக் குவளையை நகர்த்தி, இறந்தவரின் ஆவியிடம் "யார் கொன்றது" என்று கேட்டிருக்கிறார்கள். மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தாகி மறுவிசாரணை நடந்தது. (மறுவிசாரணையிலும் அவர் குற்றவாளி என்றே வந்தது.) சாதாரண வழக்கில் ஹோட்டலை விட்டு, அந்தக் காசை விசாரணை நாட்களின் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருப்புங்கள். மிரட்டல் இருக்கும் வழக்குக்கு மட்டும் ஹோட்டலை வைத்திருங்கள்.

குமரன்

எல்லோரும் ஜூரி நல்லது என்ற இடத்திலிருந்து தொடங்குகிறீர்கள். எனக்கு அதுவே சந்தேகம்.

2016 ஜூலையில் இலங்கையில், அனுராதபுரம் மேல் நீதிமன்றத்தில், தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட குமாரபுரம் படுகொலை வழக்கு. சிங்களம் பேசும் ஜூரி, முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரும் விடுதலை. அதே ஆண்டு டிசம்பரில் கொழும்பில் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் கொலை வழக்கு. அங்கும் சிங்கள ஜூரி, எல்லோரும் விடுதலை, நள்ளிரவைத் தாண்டித் தீர்ப்பு. அந்த இரவு நான் தூங்கவில்லை. இந்தியா, மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரியை ஜூரி விடுவித்த நானாவதி வழக்கில் 1959இல் பட்ட அனுபவத்துக்குப் பிறகு ஜூரியை மெல்ல மெல்லக் கைவிட்டு, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முற்றாக எடுத்துவிட்டது. மலேசியா 1995இல் எடுத்தது. அங்கெல்லாம் நீதிபதி காரணம் எழுதித் தீர்ப்புக் கொடுக்கிறார், அதை வைத்து மேல்முறையீடு செய்யலாம். ஜூரி ஒரு காரணமும் சொல்வதில்லை. அந்த அமைப்புக்குச் சாப்பாடும் ஹோட்டலும் தினப்படியும் கொடுத்துக் காப்பாற்ற வேண்டுமா? நீதிபதிக்குக் காசு கொடுங்கள், வழக்கு வேகமாக முடியும்.

நெடுந்தீவான்

தம்பி குமரன், அந்த இரண்டு தீர்ப்பும் எனக்கும் நெஞ்சில் கிடக்கிறது. ஆனால் அவற்றைப் பற்றி நாம் எல்லோரும் அன்று கேட்ட கேள்வி என்ன? "யார் அந்த ஜூரியில் உட்கார்ந்தார்கள்" என்பதுதான். இலங்கைச் சட்டத்தில் எந்த மொழி ஜூரி வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டு வாங்கலாம். பாதிக்கப்பட்டவர்களின் ஆட்கள் அந்த ஏழு பேர் கொண்ட ஜூரியில் வர வழியே இல்லாமல் போனது. இங்கே மொழிக்குப் பதிலாகக் காசு அந்த வேலையைச் செய்கிறது. அதை அடைக்கத்தான் மாலதி அக்கா எழுதுகிறார்.

பரமு (ஓய்வுபெற்ற வழக்கறிஞர்)

குமரன், இன்னொன்று. கனடாவில் ஜூரி விசாரணை அரசியல் சாசன உரிமை. மாகாணம் நினைத்தால் எடுக்கக்கூடியது இல்லை. இருக்கப்போகும் ஒன்றை எப்படி நடத்துவது என்பதுதான் இங்கே கேள்வி. கொழும்புத் தீர்ப்பு நள்ளிரவில் வந்ததைச் சொன்னீர்கள். அதனால் முடிவு மாறியது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் எந்த நாட்டிலும் அந்த நேரத்தில் பாரமான வழக்கில் முடிவு கேட்பதை நான் விரும்ப மாட்டேன். சாப்பிட்டுத் தூங்கிக் காலையில் வந்து சொல்லட்டும்.

பாலா, மிசிசாகா

சுதா சொன்ன சாப்பாட்டுக் கடை விஷயம் நான் யோசிக்காதது இல்லை, ஆனால் இவ்வளவு அழுத்தமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஜூரி அறைக்குள் மதியச் சாப்பாடு வைப்பதை ஏற்கிறேன். அது விசாரணைக்கான செலவு.

தினப்படியை ஏற்கவில்லை. வழக்குகள் தாமதமாவதுதான் இங்கே பெரிய அநீதி. 2016இல் உச்ச நீதிமன்றம் ஜோர்டன் தீர்ப்பில் மேல் மட்ட நீதிமன்ற வழக்கை முடிக்க 30 மாதம் என்று வரம்பு போட்டது. 2017இல் மொன்றியாலில் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு, கிட்டத்தட்ட ஐந்து வருடம் இழுத்ததால் விசாரணையே இல்லாமல் நிறுத்தப்பட்டது. இறந்த பெண்ணுக்கு என்ன நீதி கிடைத்தது? கவனியுங்கள், அது கியூபெக். கனடாவில் ஜூரருக்கு நாளுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்து, சாப்பாடு, பயணம், பிள்ளை பராமரிப்பு வரை பார்க்கும் மாகாணம் அது. ஜூரிக்கு நன்றாகக் கொடுத்ததால் வழக்கு வேகமாக நடந்துவிடவில்லை. நீதிபதி, அறை, எழுத்தர் இல்லாததால் தாமதம். காசு அங்கே போகட்டும்.

முதலாளிகள் தலையில் கட்டுவோம் என்று யாராவது சொல்வதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். நியூஃபவுண்ட்லாண்டில் ஜூரிக்குப் போகும் ஊழியருக்கு முதலாளி சம்பளம் கொடுத்தாக வேண்டும். நான் சின்னச் சின்ன உணவகங்களுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கணக்குப் பார்க்கிறேன். நான்கு பேர் வேலை செய்யும் கடையில் ஒருவர் ஆறு வாரம் இல்லாமல் அவருக்கும் சம்பளம், மாற்று ஆளுக்கும் சம்பளம் என்றால் அந்தக் கடை நிற்காது. உதவி தேவைப்படுபவர் விண்ணப்பிக்கட்டும், வருமானம் பார்த்துக் கொடுக்கலாம். எல்லோருக்கும் கொடுப்பது வீண்.

மாலதி, ஸ்காபரோ

பாலா அண்ணா, கியூபெக்கில் ஜூரிக்குக் காசு கொடுத்ததால் வழக்கு தாமதமானது என்று நீங்கள் சொல்லவில்லை. கொடுத்தும் தாமதமானது என்கிறீர்கள். சரி. தாமதத்துக்கு மருந்து என்று நான் இதைக் கேட்கவே இல்லை. ஆனாலும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஜூரியில் பத்துப் பேருக்குக் கீழே வந்தால் விசாரணை தொடர முடியாது. நீண்ட வழக்கில் வீட்டு வாடகை கட்ட முடியாமல் இரண்டு பேர் விலகி, இன்னொருவருக்கு நோய் வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

வருமானம் பார்த்துக் கொடுக்கலாம் என்கிறீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2022இல் அப்படி ஒரு முயற்சி தொடங்கினார்கள், வருமானம் குறைந்த ஜூரருக்கு நாளுக்கு 100 டாலர். நான் அதை எதிர்க்கவில்லை, ஒன்றுமில்லாததை விட நல்லது. ஆனால் என்னோடு வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு இடத்தில் வேலை. ஒரு வாரம் முப்பது மணி, அடுத்த வாரம் பன்னிரண்டு மணி. அவர்கள் எந்தச் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? விண்ணப்பம் போட்டு, பதில் வருவதற்குள் ஜூரித் தேர்வு முடிந்துவிடும். கஷ்டம் என்று கையைத் தூக்கி விலக்கு வாங்குவதுதான் அவர்களுக்கு எளிது. அதைத்தான் அவர்கள் செய்வார்கள்.

இன்னொரு விஷயம் நீங்கள் யாரும் சொல்லவில்லை. முன்பு ஒன்ராறியோவில் ஜூரிப் பட்டியலை வீட்டு வரி மதிப்பீட்டுப் பதிவிலிருந்து எடுத்தார்கள். வாடகைக்கு இருப்பவர், அடிக்கடி வீடு மாறுபவர் அதில் குறைவாகவே வந்தார்கள். பிறகு சட்டத்தை மாற்றி, சுகாதார அட்டைப் பதிவிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். நல்ல மாற்றம். இப்போது அடித்தள அறையில் வாடகைக்கு இருப்பவருக்கும் அழைப்பாணை வருகிறது. பட்டியலில் ஏழையைச் சேர்த்தவர்கள் அவர் வந்து உட்காரக் காசு வைக்கவில்லை. கல்யாணத்துக்கு ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பந்தியில் இலை போடாமல் விட்டதுபோல் இருக்கிறது.

செல்வி, தண்டர் பே

தெற்கிலிருந்து பேசுகிறீர்கள், வடக்கையும் கொஞ்சம் பாருங்கள். நான் வடமேற்கில் தாதியாக வேலை செய்கிறேன். கெனோரா மாவட்டம் மட்டும் ஒன்ராறியோ நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அங்கே பல பூர்வகுடி ஊர்களுக்கு வருடம் முழுவதும் போகக்கூடிய வீதி இல்லை. விமானம்தான். குளிர்காலத்தில் பனிப்பாதை. அப்படி ஓர் ஊரிலிருந்து ஜூரிக்கு வருபவருக்கு "மாலை வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வா" என்று சொல்ல முடியாது. பரமு ஐயா ஹோட்டலை விட்டுவிடச் சொல்கிறார். இங்கே ஹோட்டல் இல்லாமல் அவர்கள் ஒரு நாள்கூட ஜூரியில் இருக்க முடியாது.

கொகொபெனாஸ் வழக்கை நினைவுபடுத்துகிறேன். கெனோராவில் விசாரிக்கப்பட்ட ஒரு பூர்வகுடி மனிதர், தன்னை விசாரித்த ஜூரிப் பட்டியலில் தன் மக்கள் மிகக் குறைவு என்று வாதாடினார். 2015இல் உச்ச நீதிமன்றம், மாகாணம் நியாயமான முயற்சி செய்தது, அது போதும் என்று பெரும்பான்மையாகச் சொல்லிவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி யகோபுச்சி இந்தப் பிரச்சினையைப் பற்றி மாகாணத்துக்கு ஒரு பெரிய அறிக்கை கொடுத்திருந்தார். பூர்வகுடி மக்கள் ஜூரிக் கேள்வித்தாளுக்குப் பதில் போடாததற்கு நீதித்துறை மேல் உள்ள நெடுநாள் அவநம்பிக்கை பெரிய காரணம், காசு மட்டும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் வருகிறேன் என்று சொல்பவருக்கு விமானச் சீட்டும் நல்ல படுக்கையும் அவர் சாப்பிடக்கூடிய சாப்பாடும் இருக்க வேண்டும். சிறைகளில் பூர்வகுடி மக்கள் எத்தனை பேர் என்பதை இங்கே வேலை செய்யும் எவரும் கண்ணால் பார்க்கிறோம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அறையில் அவர்களின் ஆட்கள் இல்லை என்பதை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

பரமு (ஓய்வுபெற்ற வழக்கறிஞர்)

செல்வி, நான் ஹோட்டலை விடச் சொன்னது அடைத்து வைப்பதற்காகப் போடும் ஹோட்டலை. தூரத்திலிருந்து வருபவருக்குத் தங்க இடம் கொடுப்பது வேறு, அதை முதல் நாளிலிருந்தே கொடுக்க வேண்டும். அதில் நானும் நீங்களும் ஒரே பக்கம்.

அடைத்து வைப்பதன் விலை காசு மட்டும் அல்ல என்பதற்கு அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் கொலை வழக்கைப் பாருங்கள். 1995இல் லொஸ் ஏஞ்சலிஸில் அந்த ஜூரியை 265 நாள் ஹோட்டலில் வைத்தார்கள். தினப்படி ஐந்து டாலர். ஏப்ரலில், தங்களோடு இருந்த சில காவலர்களை மாற்றியதை எதிர்த்து அவர்களில் பலர் கறுப்பு உடையில் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். ஒன்பது மாதம் சாட்சியம் கேட்டவர்கள் நான்கு மணி நேரத்துக்குள் முடிவு எடுத்துவிட்டார்கள். அவர்கள் சரியாகத்தான் முடிவு செய்தார்களா என்பது இங்கே விவாதம் இல்லை. அந்த நிலையில் ஒரு மனிதர் வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு எதை நினைப்பார்?

குமரன்

பரமு ஐயா, சாசன உரிமை என்று சொன்னதை ஏற்கிறேன். என் கருத்து மாறவில்லை, ஆனால் அது வேறு திரியில் பேச வேண்டியது. செல்வி அக்கா சொன்ன வடக்கு விஷயத்துக்கு மட்டும் என் ஆதரவு உண்டு.

சுதா, மார்க்கம்

மாலதி, கடிதத்தில் பிள்ளை பராமரிப்பைத் தனியாக எழுதுங்கள். "இதர செலவுகள்" என்று போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் ஜூரரின் சாப்பாட்டுக்குப் பல வருடமாக நாளுக்கு 5 பவுண்ட் 71 பென்ஸ் என்று வைத்திருந்தார்கள். ஒரு தொகையை எழுதிவிட்டால் அது அப்படியே உறைந்து கிடக்கும். ஆகவே சாப்பாட்டுக்குத் தொகை கேட்காதீர்கள், சாப்பாட்டையே கேளுங்கள். ஜூரி அறைக்குள், ஒவ்வொரு விசாரணை நாளும்.

மாலதி, ஸ்காபரோ

நல்ல யோசனை. இப்படி எழுதியிருக்கிறேன்: விசாரணையின் முதல் நாளிலிருந்து ஜூரி அறையில் மத்தியானச் சாப்பாடு. நகரத்துக்குள் வசிப்பவருக்கும் பயணச் செலவு. பிள்ளையையோ வயதான பெற்றோரையோ பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அந்தச் செலவு. வீட்டுக்குத் தினமும் போய்வர முடியாத தூரத்திலிருந்து வருபவருக்கு முழுத் தங்கலும் உணவும். கடைசியாக, முதல் நாளிலிருந்தே குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமமான தினப்படி, அந்த ஊதியம் உயரும்போது தானாக உயர வேண்டும்.

பாலா, மிசிசாகா

கடைசி வரியை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன். மற்ற நான்கும் விசாரணையை நடத்துவதற்கான செலவு, அதை அரசு ஏற்க வேண்டும். சம்பளத்துக்கு ஈடு கொடுப்பது அப்படி இல்லை. சட்ட உதவியில் வெட்டியது திரும்பி வரும் வரை நான் அதை ஆதரிக்க மாட்டேன்.

நெடுந்தீவான்

அதை எடுத்தால் நான் போட மாட்டேன். சாப்பாடு மட்டும் கொடுத்தால் ஏற்கெனவே வர முடிந்தவர்கள் இன்னும் வசதியாக வருவார்கள். வர முடியாதவர்கள் வெளியேதான் நிற்பார்கள். சட்ட உதவிக்கும் கேளுங்கள் அண்ணா, அதற்கும் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்தாதீர்கள்.

மாலதி, ஸ்காபரோ

இரண்டு கடிதமாக அனுப்புகிறேன். ஒன்றில் நான்கு கோரிக்கை, மற்றதில் ஐந்து. எதில் சேர வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். பெயரோடு தபால் குறியீட்டையும் அனுப்புங்கள், தொகுதி வாரியாகப் பிரித்து அந்தந்த உறுப்பினரின் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். செல்வி அக்கா, வடக்கு உறுப்பினர்களுக்குப் போகும் பிரதியில் தங்கல் பற்றிய பத்தியை முதலில் வைக்கிறேன். நீங்கள் ஒரு முறை பார்த்துத் திருத்தித் தாருங்கள்.

செல்வி, தண்டர் பே

அனுப்புங்கள். விமானப் பயணத்தையும் தெளிவாக எழுத வேண்டும், மோசமான வானிலையால் முந்தின நாளே வந்து தங்க வேண்டியிருந்தால் அந்த இரவையும் சேர்த்து. என் பெயரை ஐந்து கோரிக்கைக் கடிதத்தில் போடுங்கள்.